சாரம் கட்டிய கோபுரம்

சத்திரம் பேருந்து நிலையத்தில் நாங்கள் ஏறிய பஸ் காவிரிப் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. முன்னால் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. 2024 ஆடி மாதம். மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டதால் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். செம்மண் நிறத்தில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் மலைக்கோட்டை, எதிரே தென்னை மரங்களுக்கு மேல் ராஜகோபுரம். முப்பத்திரண்டு வருடம் கழித்து இந்தப் பாலத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து வருகிறோம்.

"நாம கல்யாணமாகி முதல்தடவை வந்தப்போ கோபுரம் பூரா சாரம் கட்டியிருந்துச்சு. 'அவ்வளவு உசரத்துல நிக்கிறாங்களே, பயமா இருக்காதா'ன்னு நீ கேட்டே" என்றார் என் கணவர்.

"நான் கேட்கலைங்க. நான் வந்தப்போ சாரமே இல்லை."

"இருந்துச்சு. எனக்கு இப்பவும் கண்ணுல நிக்குது."

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. ஆனால் ராஜகோபுரத்தின் கும்பாபிஷேகம் நடந்தது 1987 மார்ச் 25ஆம் தேதி. எங்கள் கல்யாணம் அதே வருடம் ஆவணியில். பல நூற்றாண்டுகளாக அடிநிலையோடு மொட்டையாக நின்றிருந்த அந்தக் கோபுரத்தை அகோபில மடத்து ஜீயர் முன்னின்று, பதின்மூன்று நிலையும் 236 அடி உயரமுமாக எழுப்பி முடித்த பிறகுதான் நான் ஸ்ரீரங்கத்தில் காலடி வைத்தேன். சாரத்தை அவர் பார்த்தது உண்மை. 1985இலேயே பெல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, தனியாளாக இதே பாலத்தில் எத்தனையோ முறை போய்வந்தவர். அந்தக் காட்சிக்குள் நான் எப்படி வந்து உட்கார்ந்தேன் என்பதுதான் கேள்வி.

முப்பது ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் நடத்தியவள் நான். மூளைப் பாடம் எடுக்கும்போது பிள்ளைகள் எப்போதும் கேட்பது, "டீச்சர், ஞாபகமெல்லாம் மூளையில எங்க இருக்கு?" பீரோவில் புடவை அடுக்கியதுபோல ஓரிடத்தில் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. அப்படி இல்லை. பார்த்த உருவம் பின்மண்டைப் பக்கம், கேட்ட குரல் காதோரப் பகுதியில், பயமும் மகிழ்ச்சியும் இன்னோரிடத்தில் என்று உதிரிப்பூவாகத்தான் கிடக்கின்றன. காதுக்கு நேர் உள்ளே, பக்கத்துக்கு ஒன்றாக, கடல்குதிரை மாதிரி வளைந்த சிறு பகுதி இருக்கிறது. ஹிப்போகாம்பஸ் என்ற அதன் பெயருக்கே கடல்குதிரை என்றுதான் பொருள். பூக்களைச் சேர்த்துத் தொடுக்கிற நார் அதுதான். சாத்தார வீதிப் பூச்சந்தையில் பூக்கட்டுகிறவர்களின் விரலைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மாலை புதிதாகத் தொடுக்கப்படுகிறது. பக்கத்துக் கூடையில் இருக்கிற பூ ஒன்று உள்ளே விழுந்துவிட்டால் தொடுத்த கைக்கே தெரியாது.

இதை முதலில் அழுத்தமாகச் சொன்னவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஃபிரெடரிக் பார்ட்லெட். 1932இல் வெளியான அவருடைய நூலில் ஒரு சோதனை வருகிறது. வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை ஆங்கிலேயர்களுக்குப் படிக்கக் கொடுத்து, நாள்கள் கழித்தும் மாதங்கள் கழித்தும் திரும்பச் சொல்லச் சொன்னார். கதை ஒவ்வொரு முறையும் சுருங்கியது. புரியாத இடங்கள் காணாமல் போயின. அவர்கள் ஊரில் இல்லாத பொருள்கள் எல்லாம் அவர்களுக்குப் பழக்கமான பொருள்களாக மாறின. யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. தனக்குப் பொருந்துகிற வகையில்தான் மனம் கதையைக் கட்டிக்கொள்கிறது. என் கணவருக்கு ஸ்ரீரங்கம் என்றால் நாங்கள் இருவரும் வாழ்ந்த ஊர். அந்த ஊரின் மிகப் பெரிய காட்சியில் நான் இல்லாமல் இருப்பது அவர் மனத்துக்குப் பொருந்தவில்லை. என்னைக் கூட்டிவந்து நிறுத்திக்கொண்டது.

பஸ் நகர்ந்தது.

பாலத்திலிருந்து இறங்கும்போதே எனக்கு இன்னொன்று நடந்தது. அடுத்து எங்கே திரும்பும், அம்மாமண்டபம் எந்தப் பக்கம், தெற்கு வாசல் எவ்வளவு தூரம் என்று யோசிக்காமலே உடம்பு சாய்ந்துகொடுத்தது. முப்பத்திரண்டு வருடம் எங்கே இருந்தது இந்த வரைபடம்?

1971இல் லண்டனில் ஜான் ஓ'கீஃப் என்பவர் எலியின் ஹிப்போகாம்பஸில் மெல்லிய மின்கம்பிகளைப் பொருத்தி, அது நடமாடும்போது தனித்தனி செல்களின் துடிப்பைப் பதிவு செய்தார். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் ஒரு செல் படபடவென்று துடித்தது. வேறோர் இடத்துக்கு வேறொரு செல். இடச்செல்கள் என்று இவற்றைச் சொல்லலாம். 2005இல் நார்வேயில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் என்ற இருவரின் குழு, ஹிப்போகாம்பஸுக்கு அடுத்த பகுதியில் இன்னும் விசித்திரமான செல்களைக் கண்டுபிடித்தது. அங்கே ஒரே செல் பல இடங்களில் துடித்தது. அந்த இடங்களைத் தாளில் குறித்துப் பார்த்தால் ஒழுங்கான புள்ளிகள் வந்தன. ஒரு புள்ளியைச் சுற்றி ஆறு புள்ளி, ஒன்றுக்கொன்று அடுத்திருக்கும் எந்த மூன்றைச் சேர்த்தாலும் சம பக்க முக்கோணம்.

இதை முதன்முதலில் படித்தபோது நான் எழுந்து போய்க் கோலப்பொடி டப்பாவை எடுத்துவந்து தரையில் வைத்துப் பார்த்தேன். நேர்ப்புள்ளி இல்லை, ஊடுபுள்ளி! ஒரு வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசையின் புள்ளி வருமே, மார்கழியில் சித்திரை வீதி முழுக்க விடியலில் வைப்பார்களே, அதே அடுக்கு. எலி ஓடுகிற தரைக்கு அதன் மூளை ஊடுபுள்ளி வைத்து அளவெடுத்துக்கொள்கிறது. மனித மூளையிலும் இத்தகைய செல்கள் இருப்பதற்குச் சான்றுகள் பின்னர் கிடைத்தன. ஓ'கீஃபுக்கும் மோசர் இருவருக்கும் 2014இல் மருத்துவ நோபல் பரிசு சேர்த்து வழங்கப்பட்டது. மோசர் இருவரும் அப்போது கணவன் மனைவி. இளம் வயதில் சேர்ந்து தொடங்கிய ஆய்வகத்தில் அவர்கள் தேடியது, உயிர்கள் எப்படி இடத்தை அறிகின்றன என்பதை.

பாலத்தின் நடுவில் நின்று முன்னும் பின்னும் பார்த்தேனே, அதற்கும் ஒரு சோதனை உண்டு. கும்பாபிஷேகம் நடந்த அதே 1987இல் அமெரிக்காவில் ராபர்ட் முல்லரும் ஜான் கூபியும் வெளியிட்டது. வட்டமான தொட்டிச் சுவரில் ஒரே ஓர் அட்டை மட்டும் அடையாளமாக ஒட்டப்பட்டிருக்கும். எலிக்குத் தெரியாமல் அட்டையை நகர்த்தி வேறு பக்கம் ஒட்டினால், எலியின் மூளையில் உள்ள வரைபடம் முழுவதும் அட்டையோடு சேர்ந்து சுழன்றுவிடும். தூரத்தில் தெரிகிற பெரிய அடையாளம்தான் வரைபடத்தை ஊன்றி வைக்கிற முளை. திருச்சிக்காரர்களுக்கு அந்த முளை மலைக்கோட்டை. பாலம் தாண்டினால் ராஜகோபுரம். இடையில் இருக்கும் கடைகள் எல்லாம் மாறிவிட்டன, சிந்தாமணிப் பக்கம் பாதி கட்டடங்கள் எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஆனாலும் நான் தொலைந்துபோகவில்லை. இரண்டும் நகராமல் இருந்தன.

ஒன்று தோன்றுகிறது. எழுத்தாளர் சுஜாதா சிறுவனாக ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தது 1940களில். அவருடைய ஸ்ரீரங்கத்துக் கதைகளின் ஊரில் இந்தப் பதின்மூன்று நிலைக் கோபுரம் கிடையாது, மொட்டைக் கோபுரம்தான். அவர் தலைமுறையினர் திரும்பி வந்தபோது முளை புதிதாக ஊன்றப்பட்டிருந்தது. அவர்களுக்கு ஊர் எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் வழி கேட்டால் இடது வலது என்று யாரும் சொல்வதில்லை. கோயிலை நடுவில் வைத்து ஏழு சுற்று. உள்ளே சன்னிதிகள், வெளிச்சுற்றுகளில் உத்தர வீதி, அதற்கு வெளியே சித்திரை வீதி, அதற்கும் வெளியே அடையவளஞ்சான். ஒவ்வொன்றிலும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று நான்கு பக்கம். "கீழச் சித்திரை வீதியில வடக்கு பார்த்துப் போங்க" என்பார்கள். நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் மொழி உளவியல் நிறுவனத்திலிருந்து 1990களின் தொடக்கத்தில் எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் தமிழ்நாட்டுக்கு வந்து இதைத்தான் ஆராய்ந்தார். மேசைமேல் இருக்கும் சின்னஞ்சிறு பொருளைக் காட்டிக் கேட்டாலும் கிராமத்துத் தமிழர் பலர் "வடக்கால இருக்கு" என்றார்கள். நகரத்துத் தமிழர் "வலது பக்கம்" என்றார்கள். ஒரே மொழிக்குள் இரண்டு வழக்கு. இதே குழு பல நாடுகளில் செய்த சோதனை இன்னும் அழகு. மேசையில் பொம்மை மிருகங்களை வரிசையாக வைத்துக் காட்டிவிட்டு, ஆளை எதிர்ப்பக்கமாகத் திருப்பி இன்னொரு மேசையில் அதேபோல வைக்கச் சொன்னார்கள். திசை சொல்லிப் பழகியவர்கள் வடக்கே பார்த்த மாட்டை வடக்கே பார்த்தே வைத்தார்கள். இடவலம் சொல்லிப் பழகியவர்கள் தங்கள் உடம்போடு சேர்த்து மாட்டையும் திருப்பிவிட்டார்கள். பேசுகிற பேச்சு ஞாபகம் வைக்கும் விதத்தையும் வழிநடத்துகிறது.

எங்கள் வீட்டில் திசை என் கணவரின் இலாகா. கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர், இருட்டில் எழுந்தாலும் கிழக்கு தெரியும். எனக்கு அது வரவே வராது. பெயர், தேதி, யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் என்னிடம்.

நாங்கள் குடியிருந்தது கீழ அடையவளஞ்சான் வீதியில் ஒரு போர்ஷன். முன்கட்டில் வீட்டுக்காரர்கள், பின்கட்டில் நாங்கள். ஐந்து வருடம். மூத்தவள் பிறந்தது அங்கே இருக்கும்போதுதான். வீடு அப்படியே இருந்தது. திண்ணையை இடித்து இரும்புக் கிராதி போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னோம். வீட்டுக்காரரின் மருமகள், நாங்கள் இருந்த காலத்தில் பிறந்திருக்கவே மாட்டாள், "உள்ளே வந்து பாருங்கம்மா" என்று கூட்டிப்போனாள். ரேழி, கூடம், முற்றம், பின்கட்டு. சமையலறைக்குள் நுழைந்தவள் நின்றுவிட்டேன்.

மணி நாலரை இருக்கும். ஜன்னல் வழியே வெயில் சாய்ந்து மேடைமேல் விழுந்துகொண்டிருந்தது.

இத்தனை வருடமும் என் நினைவில் அந்தச் சமையலறையில் காலை வெயில்தான். ஆறரை மணிக்கு அவருக்கு டிபன் டப்பா கட்டும்போது, கம்பெனி பஸ் வருவதற்குள் தாளித்து இறக்கும்போது, ஜன்னல் கம்பிகளின் நிழல் என் கைமேல் விழும். எத்தனையோ தடவை மகளிடம் சொல்லியிருக்கிறேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். "இந்த வீடு கிழக்கு பார்த்த வீடும்மா. பின்னாடி இருக்கறது மேற்கு. அந்தப் பக்கம் கோயில் மதில். காலை வெயில் இங்கே எப்படி வரும்?" என்றார். பாலத்தில் நான் அவரைத் திருத்தியதற்குப் பதிலாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் எனக்குத் தொண்டை அடைத்தது. இல்லாத ஒரு வெயிலை எப்படி முப்பது வருடம் பாதுகாத்தேன்?

விடை ஒரு மணி நேரத்தில் கிடைத்தது, அதுவும் மூக்கின் வழியே. வெளியே வந்து வடக்கு நோக்கி நடந்தபோது தூறல் பிடித்தது. ஒரு வீட்டு வாசலில் கொட்டியிருந்த மணலில் நாலு துளி விழுந்து, மண்வாசனை எழுந்தது. மறுகணம் நான் ஸ்ரீரங்கத்தில் இல்லை. தஞ்சாவூரில், என் அம்மா வீட்டில், ஆறு வயதில், கிணற்றடிக்குத் திறக்கிற சமையலறை வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். கிழக்குப் பார்த்த ஜன்னல். அம்மாவின் கைமேல் கம்பி நிழல்.

மண்வாசனை என்று நாம் சொல்வதன் பெரும்பங்கு ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியாக்கள் உண்டாக்குவது. மழைத்துளி காய்ந்த மண்ணில் விழும்போது உள்ளே சிக்கிய காற்று நுண்ணிய குமிழிகளாக மேலேறி வெடித்து, அந்த வாசனையைக் காற்றில் தெளிக்கிறது. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். மூக்குக்குள் ஏறத்தாழ 400 வகை வாசனை ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றின் மரபணுக்களை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் 2004இல் நோபல் பெற்றார்கள்.

பார்வையும் ஒலியும் மூளையின் நடுவே இருக்கும் தாலமஸ் என்ற சந்திப்பில் நின்று பிறகுதான் மற்ற இடங்களுக்குப் போகின்றன. வாசனைக்கு அந்த நிறுத்தம் கிடையாது. மூக்கின் மேலிருக்கும் வாசனைக் குமிழிலிருந்து, உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவுக்கு நேர்வழி; நினைவைத் தொடுக்கும் ஹிப்போகாம்பஸுக்கும் குறுக்குவழி. பெயர் சொல்வதற்கு முன்பே நெஞ்சில் இடிப்பது அதனால்தான். 2006இல் ஸ்வீடனில் அறுபத்தைந்து வயது தாண்டியவர்களிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். சொல்லையோ படத்தையோ காட்டி எழுப்பிய நினைவுகள் பெரும்பாலும் பதின்வயதுக்குரியவை. வாசனை காட்டி எழுப்பியவை பத்து வயதுக்கு முந்தியவை. வாசனையின் பாதை நம்மைக் குழந்தைப் பருவத்துக்கே கூட்டிப்போகப் பார்க்கிறது. அம்மாவின் சமையலறைக் காலை வெயிலை எடுத்து என் முதல் சமையலறையில் வைத்துக்கொண்டிருக்கிறேன். முதன்முதலாகத் தனிக்குடித்தனம் வந்த பெண்ணுக்கு அது தேவைப்பட்டிருக்கும்.

வாழ்க்கையில் எத்தனையோ ஊர் மாறினோம். சேலம், ராணிப்பேட்டை, இப்போது தாம்பரம். தாம்பரத்தில் பதினெட்டு வருடம் இருந்தும் சொல்ல அதிகம் இல்லை. ஸ்ரீரங்கத்தின் ஐந்து வருடத்தைப் பற்றிக் கேட்டால் நாள்கணக்கில் பேசுவோம். எங்களுக்கு மட்டும் அப்படி இல்லை. வயதானவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டு, அவை எந்த வயதுக்குரியவை என்று வரைபடம் போட்டால் பத்திலிருந்து முப்பது வயது வரை ஒரு மேடு எழும்பும். டேவிட் ரூபினும் உடனாய்வாளர்களும் 1986இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். முதல் சம்பளம், முதல் வாடகை வீடு, முதல் பிள்ளை எல்லாம் அந்த மேட்டில் இருக்கின்றன. 2016இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றைச் சேர்த்தார்கள். நாற்பதிலிருந்து அறுபது வரையான நடுவயது நினைவுகளும் வீடு மாறிய காலத்தைச் சுற்றியே குவிந்திருந்தன. பெட்டி கட்டி இறக்கும் நாள்கள் காலத்தில் எல்லைக்கல் நடுகின்றன.

பழைய இடத்துக்குப் போனால் மறந்ததெல்லாம் வந்துவிடுமா? 1975இல் காடனும் பேட்லியும் ஸ்காட்லாந்தில் முக்குளிப்பவர்களை வைத்துச் செய்த சோதனை பாடப்புத்தகங்களில் புகழ்பெற்றது. நீருக்கடியில் கேட்ட சொற்கள் நீருக்கடியிலேயே நன்றாக நினைவுக்கு வந்தன. கரையில் கேட்டவை கரையில். ஆனால் 2021இல் இதைத் திருப்பிச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. இடம் உதவுகிறது, ஆனால் எப்போதும் ஒரே அளவில் உதவும் என்று சொல்ல முடியாது. எங்கள் அனுபவமும் அதுதான். அம்மாமண்டபம் படித்துறையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வெள்ளம் கீழ்ப்படிகளை மூடியிருந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. பிறகு அவர், "நீ மாசமா இருந்தப்போ ஆடிப்பெருக்குக்கு இங்கே வந்து, வழுக்கும்னு நாலாவது படியைத் தாண்டவிடாம ஒரு அம்மா பிடிச்சுக்கிட்டாங்களே" என்றார். அந்த அம்மா கட்டியிருந்த அரக்குப் புடவை எனக்குத் தெரிந்தது. அவர் கையில் இருந்த காதோலைக் கருகமணித் தட்டு தெரிந்தது. "என் கொழுந்தியா மாதிரியே இருக்கே" என்று அந்த அம்மா சொன்னதும் கேட்டது. இதெல்லாம் என் கணவருக்கு நினைவில்லை. அவரிடம் இருந்தது படி மட்டும். படியை அவர் கொடுத்தார், ஆளை நான் கொடுத்தேன்.

டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1985இல் இதற்கு ஒரு கொள்கை வகுத்தார். சேர்ந்து வாழ்கிறவர்கள் ஞாபகத்தைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். யாருக்கு எது தெரியும் என்பதை மட்டும் இருவரும் தெரிந்துவைத்திருந்தால் போதும். 1991இல் 59 ஜோடிகளை வைத்துச் சோதித்தார். பாதிப்பேரைச் சொந்த இணையோடும் மீதிப்பேரை முன்பின் தெரியாதவரோடும் சேர்த்து, பட்டியலைப் படித்து நினைவில் வைக்கச் சொன்னார். இயல்பாக விட்டபோது சொந்த ஜோடிகள் அதிகம் நினைவு வைத்தார்கள். 'நீ சமையல் சம்பந்தப்பட்டது, நீ வரலாறு' என்று வெளியிலிருந்து பிரித்துக் கொடுத்ததும் நிலைமை தலைகீழானது. முன்பின் தெரியாதவர்கள் முந்திக்கொண்டார்கள். பேசி வைத்துக்கொள்ளாமல் ஆண்டுக்கணக்கில் தானாக அமைந்த பங்கீடு அது. வேறொருவர் கை வைத்தால் குலைந்துவிடுகிறது.

இப்போது எங்கள் இரண்டு தவறுகளையும் திரும்பப் பார்க்கிறேன். அவர் தவறியது தேதியில், அது என் இலாகா. நான் தவறியது திசையில், அது அவருடையது. அவரவர் பங்கில் யாரும் தவறவில்லை. அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று விட்ட இடத்தில்தான் வேறு பூ வந்து விழுந்திருக்கிறது. இணையை இழந்தவர்கள் 'என்னில் பாதி போய்விட்டது' என்று சொல்வதை வெக்னர் சொல்லர்த்தமாகவே எடுத்துக்கொண்டார். நினைவின் ஒரு பகுதி உண்மையிலேயே போய்விடுகிறது என்று எழுதினார். என் அப்பா போன பிறகு அம்மா சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் திகைத்து நின்றதை வயோதிகம் என்று நினைத்திருந்தேன். தஞ்சாவூர் வீட்டைப் பற்றி அவளிடம் எதைக் கேட்டாலும், "உங்கப்பாவுக்குத்தான் தெரியும்" என்பாள்.

மறுநாள் காலை பல்லவன் ரயிலில் திரும்பினோம். எனக்கு ஒரு பயம் இருந்தது. 2000இல் கரீம் நாடெரும் உடனாய்வாளர்களும் எலிகளில் காட்டியது அது. நன்றாக உறைந்துபோன நினைவும் மீண்டும் எழுப்பப்படும்போது சற்று நேரம் இளகுகிறது. மறுபடி இறுகுவதற்குப் புதிதாகப் புரதம் உண்டாக வேண்டும். அந்த இடைவெளியில் அது மாறலாம், அழியவும் அழியலாம். சாயங்கால வெயிலைப் பார்த்துவிட்டேன். இனி என் சமையலறையில் காலை வெயில் விழுமா? கண்ணை மூடிப் பார்த்தேன். விழுந்தது. ஆனால் கம்பி நிழலுக்கு அடியில் இருந்த கை என் கையா, அம்மா கையா என்று தெரியவில்லை.

காவிரியைத் தாண்டி, ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் நின்று, ரயில் கொள்ளிடப் பாலத்தில் ஏறியது. ஜன்னலோரம் கோபுரம் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"சாரம் கட்டியிருந்ததை நீ நிஜமாவே பார்க்கலையா?" என்றார்.

"இல்லைங்க."

"நான் பார்த்தேன். பாலத்துல இருந்து பார்த்தா கோபுரமே தெரியாது. கம்பு மட்டும்தான், குருவிக்கூடு மாதிரி. சாயங்காலம் அந்தக் கம்புக்கு நடுவுல ஆளுங்க இறங்கி வருவாங்க, எறும்பு மாதிரி, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா..."

நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.